பினாங்கிலிருந்து கப்பல் பயணம்: மகள் கேட்பது நியாயமே
சகோதரி, பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்தையொட்டிக் கப்பலில் போக விரும்புகிறீர்கள். கடல் கெடும் என்று மகள் மறுக்கிறாள். அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. சுத்திகரிக்காத கழிவுநீரைக்கூடக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், ஓடும் கப்பல் மெதுவாகக் கொட்டச் சர்வதேச விதி இடம் தருகிறது. ஆகவே பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: எங்கே போனாலும் கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகுதான் விடுகிறீர்களா? இயந்திரப் புகையைக் கழுவிய நீர் கடலுக்குப் போகிறதா? மழுப்பினால் அந்தக் கப்பல் வேண்டவே வேண்டாம்.

விமானத்தில் வேறு துறைமுகத்துக்குப் போகாமல் பினாங்கின் சுவெட்டன்ஹாம் கப்பல் துறையிலேயே ஏறுவது நல்லது. இறங்கும் ஊரில் உள்ளூர் வழிகாட்டியை நீங்களே அமர்த்துங்கள். காசு அங்கேயே தங்கும். அறையைத் துடைப்பவருக்கு அன்பளிப்பை நேராகக் கையில் கொடுங்கள், பல மாதங்கள் பிள்ளைகளைப் பிரிந்து உழைப்பவர்கள் அவர்கள்.