இத்தாக்காவில் வருமானம் குறைவு, வாடகை மட்டும் ஏன் இவ்வளவு?

நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புள்ளிவிவரங்களில் 'பெருநகரப் பகுதி' என்று பெயர்தான் பெரிது. டாம்ப்கின்ஸ் என்ற ஒரே கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அது. 2020 கணக்கெடுப்பில் மொத்தம் 1,05,740 பேர். நகரத்துக்குள் 32,108 பேர்.

வருமானப் புள்ளிவிவரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்த ஊரில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் விடுதியில் தங்கும் மாணவர்கள் மக்கள்தொகையில் வருவார்கள், குடும்ப வருமானக் கணக்கில் வரமாட்டார்கள். வெளியே நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் அது ஒரு 'குடும்பம்' ஆகிவிடும். பகுதிநேர வேலைச் சம்பளம் கணக்கில் ஏறும். கல்விக்கடன் வருமானமே இல்லை. இடைநிலை வருமானம் (எல்லாரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் இருப்பவரின் வருமானம்) கீழே இறங்காமல் என்ன செய்யும்?

ஆனால் வாடகையோ அந்தக் கடனிலிருந்தும், அப்பா அம்மா அனுப்பும் பணத்திலிருந்தும் போகிறது. வீட்டுக்காரருக்கு அறைக்கு இவ்வளவு என்று நான்கு பங்கு கிடைக்கும்போது, இரண்டு குழந்தைகளோடு வருகிற பேருந்து ஓட்டுநர் எப்படிப் போட்டி போடுவார்? கல்லூரியை ஒட்டிய காலேஜ்டவுனில் அடுத்த ஆகஸ்ட் வீட்டுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம், ஏரியும் செங்குத்தான பள்ளத்தாக்குகளும் சூழ்ந்த ஊர், கட்டுவதற்குச் சமநிலம் குறைவு.

வேலை கிடைத்துப் போவதாக இருந்தால் நகர எல்லைக்கு வெளியேயும் வீடு தேடுங்கள்.