காய்ந்ததும் மங்கிப்போகும் ரெசின் வாஷ்பேசின்: பளபளப்பைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

கேள்வி: எங்கள் குளியலறையில் வெள்ளை நிற ரெசின் வாஷ்பேசின் இருக்கிறது. தண்ணீர் பட்டால் புதிதுபோலப் பளபளக்கிறது, காய்ந்ததும் மங்கிவிடுகிறது. தேய்க்கும் பவுடர், பற்பசை, சமையல் சோடா எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். தண்ணீர் இறங்கும் துளையைச் சுற்றி மயிரிழை போன்ற கோடுகளும் தெரிகின்றன. பளபளப்பை மீட்க முடியுமா? மீட்டால் நிற்குமா?

பதில்: முதலில் அந்தப் பவுடரை நிறுத்துங்கள். பற்பசையையும்தான். பீங்கான் பேசினுக்கு மேல் இருக்கும் பூச்சு கண்ணாடி வகை, கடினமானது. ரெசின் அப்படியில்லை, மிருதுவானது. பீங்கானில் கறையை மட்டும் எடுக்கும் பவுடர், ரெசினில் கறையோடு சேர்த்து மேற்பரப்பையும் கீறிவிடும். அன்றைக்குச் சுத்தமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கூடிக்கொண்டே போகும், அவற்றில் அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். அழுக்கு பிடிக்கிறதே என்று இன்னும் அழுத்தித் தேய்ப்போம். பெரும்பாலான ரெசின் பேசின்கள் மங்குவது இப்படித்தான்.

அடுத்து, உங்களிடம் இருப்பது எந்த ரெசின் என்று பார்க்க வேண்டும். ஒரு வகை, பாலியெஸ்டர் ரெசினில் சலவைக்கல் தூளைக் கலந்து அச்சில் வார்ப்பது. இதன் பளபளப்பெல்லாம் மேலே இருக்கும் ஜெல் கோட் என்ற பூச்சில்தான் இருக்கிறது. அந்தப் பூச்சின் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுதான். இன்னொரு வகை, அக்ரிலிக் ரெசினில் தாதுத் தூள் கலந்து செய்யும் சாலிட் சர்ஃபேஸ். டூபாண்ட் நிறுவனம் 1967-இல் உருவாக்கிய கோரியான் இந்த இனம். இதில் தனிப் பூச்சு கிடையாது, மேலிருந்து அடிவரை ஒரே பொருள். அடைப்பானைக் கழற்றிவிட்டு, துளையின் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய தோல் போல ஓர் அடுக்கு தனியாகத் தெரிந்தால் ஜெல் கோட். நிறம் உள்வரை ஒன்றாகவே இருந்தால் அநேகமாகச் சாலிட் சர்ஃபேஸ். சாலிட் சர்ஃபேஸைத் தைரியமாகத் தேய்க்கலாம். ஜெல் கோட்டை ஓர் அளவுக்கு மேல் தேய்த்தால் பூச்சே போய்விடும், அதை வீட்டில் திரும்பப் போட முடியாது. மயிரிழைக் கோடுகள் இருப்பதைப் பார்த்தால் உங்களுடையது ஜெல் கோட் வகையாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

சரி, மங்கல் எதனால்? உப்புப் படலம் மேலே படிந்திருக்கலாம், அல்லது மேற்பரப்பே கீறப்பட்டிருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஈரத்தில் பளபளப்பு வருவதை வைத்து எது என்று சொல்ல முடியாது. தண்ணீர் கீறல்களை நிரப்பிச் சமமாக்கும், உப்புப் படலத்தையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். அதனால் இரண்டிலுமே ஈரம் ஏமாற்றும். இதற்கு ஒரு சின்ன சோதனை போதும். பாத்திரம் கழுவும் திரவத்தை மென்மையான துணியில் விட்டு, உள்ளங்கை அளவு இடத்தைக் கழுவுங்கள். சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போனால்தான் அடுத்து வைப்பது உப்பைத் தொடும். இந்தப் படியை விட்டுவிட்டுத்தான் பலர் வினிகர் வேலை செய்யவில்லை என்கிறார்கள். பிறகு வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, டிஷ்யூ பேப்பரை நனைத்து அந்த இடத்தில் ஒட்டிவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து எடுத்து, நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவிட்டுப் பாருங்கள்.

அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தால் உப்புதான் காரணம். மீதி இடத்துக்கும் அதையே செய்தால் வேலை முடிந்தது. ஆனால் உங்கள் பேசினில் கோடுகள் உள்ள பகுதிக்கு வினிகர் வேண்டாம். அது பிளவு வழியாக இறங்கினால் உள்ளே இருக்கும் சலவைக்கல் தூளைக் கரைக்கும். குளியலறை கழுவும் ஆசிட் பக்கமே போகாதீர்கள். பிளீச்சிங் பவுடரோ பிளீச் கலந்த திரவமோ போட்ட இடத்தில் வினிகர் விடவே கூடாது, நச்சு வாயுவான குளோரின் கிளம்பும்.

வினிகருக்குப் பிறகும் மங்கலாகவே இருந்தால், அது கீறல். இங்கேதான் பாலிஷ் வேலை. கார் பெயின்ட் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் ரப்பிங் காம்பவுண்டில் மிக நைசான வகையை வாங்குங்கள். படகுகளின் ஜெல் கோட்டுக்கென்றே விற்கும் பாலிஷ் கிடைத்தால் இன்னும் நல்லது. பேசின் காய்ந்திருக்கட்டும். மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு எடுத்து, ஒரு தடவைக்கு ஒரு சாண் அகலம் மட்டும், சிறு வட்டங்களாகத் தேயுங்கள். முதலில் கரகரப்பு கையில் தெரியும், தேய்க்கத் தேய்க்க அது குறைந்து துணி வழுக்க ஆரம்பிக்கும். அப்போது நிறுத்தி, வேறு சுத்தமான துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். நேராகப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். பக்கவாட்டில் பார்த்து, ஜன்னல் சட்டத்தின் கோடு பேசினில் தெளிவாக விழுந்தால் போதும்.

டிரில்லில் பஃப் மாட்டித் தேய்க்கலாமே என்று கேட்பீர்கள். வேகமாகச் சுற்றினால் ஒரே இடத்தில் சூடு ஏறும், ரெசின் இளகும், விளிம்பிலும் வளைவிலும் பூச்சு நொடியில் தேய்ந்துவிடும். கையால் செய்தால் தோள் வலிக்கும், பேசின் பிழைக்கும்.

காம்பவுண்டுக்கு மசியாத ஆழமான கீறல் இருந்தால் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும். 1500 எண் தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, பிறகு 2000, அதற்குப் பிறகு காம்பவுண்ட். பால் போன்ற வெள்ளைத் தண்ணீர் வந்தால் பூச்சு தேய்கிறது என்று அர்த்தம், கொஞ்சமாக வருவதில் தவறில்லை. அடியில் நிறம் மாறுவதுபோலத் தெரிந்தால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். விரல் நகத்தில் தட்டுப்படும் கீறலை ஜெல் கோட்டில் முழுதாகப் போக்க முயலாதீர்கள், விளிம்பை மட்டும் மழுக்கினாலே பார்வைக்குக் குறைந்துவிடும். சாலிட் சர்ஃபேஸ் என்றால் 600-லிருந்தே தொடங்கலாம். ஒன்று மட்டும் கவனம்: அந்தப் பேசின் புதிதிலேயே பளபளப்பில்லாத மேட் ரகமாக இருந்திருந்தால் பாலிஷ் போடாதீர்கள், தேய்த்த இடம் மட்டும் திட்டாக மினுங்கும்.

நிற்குமா என்று கேட்டீர்கள். கார்களுக்கான கார்னோபா மெழுகை மெல்லியதாகப் பூசி, வெளுத்ததும் துடைத்துவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், உப்பு சீக்கிரம் ஒட்டாது. முத்துகள் உருள்வது நின்று தண்ணீர் படர ஆரம்பித்தால் மறுபடி பூச வேண்டிய நேரம். ஆனால் மெழுகைவிடப் பெரிய வேலை செய்வது ஒரு உலர்ந்த துணிதான். உப்புக்கறை என்பது தண்ணீர் காய்ந்து போட்டுவிட்டுப் போவது. ராத்திரி கடைசியாகப் பயன்படுத்துபவர் ஒரு துடைப்புத் துடைத்தால், காய்வதற்கு அங்கே தண்ணீரே இருக்காது. வாராந்திரக் கழுவலுக்குப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். ‘மேஜிக்’ என்ற பெயரில் வரும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சை நம்பாதீர்கள், அதுவும் ஒரு நைசான உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்கிறது. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். தலைமுடிச் சாயமும் அப்படியே, காயவிட்டால் கறை உள்ளே இறங்கிவிடும். அடைப்பு எடுக்கும் காஸ்டிக் சோடாவைப் பேசின் வழியாக ஊற்றாதீர்கள், பாலியெஸ்டர் ரெசினைக் காரம் அரிக்கும். கீழே இருக்கும் வளைவுக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வது அழுக்கான வேலைதான், ஆனால் பேசினுக்கு ஆபத்தில்லாதது.

இனி அந்த மயிரிழைக் கோடுகள். கொதிக்கும் தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் மாறி மாறி விழும்போது பூச்சு ஒரு விதமாகவும் அடிப்பகுதி வேறு விதமாகவும் விரிந்து சுருங்கும். அந்த இழுபறியில் பூச்சு வெடிக்கும். துளையைச் சுற்றித்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும், ஏனென்றால் தண்ணீர் முழுதும் அந்த வழியாகத்தான் போகிறது. துளையின் உலோக வளையத்தை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தாலும் இதே விளைவு. இவை மேலே உள்ள கீறல்கள் அல்ல, பூச்சின் ஊடாகப் போகும் பிளவுகள். பாலிஷ் போட்டால் போகாது, காம்பவுண்டின் வெள்ளை மாவு உள்ளே அடைந்து இன்னும் பளிச்சென்று தெரியும். அந்த வட்டத்தை விட்டுவிட்டு மற்ற இடத்துக்கு மட்டும் பாலிஷ் போடுங்கள். கொதிநீரை நேரடியாக ஊற்றாதீர்கள், குழாயில் முதலில் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சூட்டைக் கூட்டுங்கள். பிளவுகள் பரவினாலோ, பழுப்பாகிக் கசிய ஆரம்பித்தாலோ, பேசினுக்கு மறுபூச்சு போடுபவரை அழைக்க வேண்டியதுதான். அப்படி அழைக்கும் எண்ணம் இப்போதே இருந்தால் மெழுகு பூச வேண்டாம், மெழுகு பட்ட இடத்தில் புதுப் பூச்சு பிடிக்காது.