சண்டையா, திறனா? கேரக்டர் உருவாக்கும்போது வரும் கேள்விகள்

கேள்வி: பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பு ஆடுகிறோம். நான் ஃபைட்டர், அதாவது சண்டை வீரன். சண்டை முடிந்ததும் எனக்கு வேலையே இல்லை. என்ன செய்யலாம் அண்ணா?

பதில்: ஃபைட்டருக்கு கிளாஸ் (கேரக்டரின் தொழில்) தருவது 2 திறன்கள்தான், பதுங்கவும் பூட்டுத் திறக்கவும் தெரிந்த ரோகுக்கு 4. ஆனால் பேக்ரவுண்ட், அதாவது கேரக்டரின் முன்கதை, எல்லோருக்கும் இன்னும் 2 தருகிறது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். சோல்ஜர் எடுத்தால் அத்லெட்டிக்ஸும் (ஏறுவது, தாண்டுவது) இன்டிமிடேஷனும் (மிரட்டல்) வரும். இரண்டும் ஃபைட்டர் பட்டியலிலேயே இருப்பவை, புது வகைத் திறன் எதுவும் கிடைக்காது. கிரிமினல் எடுத்துப் பாருங்கள், ஸ்டெல்த்தும் (பதுங்கல்) டிசெப்ஷனும் (ஏமாற்று) கிடைக்கும். வாள் அப்படியே இருக்க, ஊருக்குள் உளவு பார்க்கவும் நீங்களே போகலாம். செயின் மெயில் (இரும்பு வளையக் கவசம்) மட்டும் வேண்டாம், பதுங்கும்போது அது காலை வாரிவிடும்.

கேள்வி: திறன்களைக் கவனித்தால் சண்டையில் பின்தங்கிவிட மாட்டோமா?

பதில்: அது ஆட்டத்தைப் பொறுத்தது. 1986-இல் வந்த கர்ப்ஸ் என்ற ஆட்டத்தில் வாள்வீச்சும் சமையலும் ஒரே புள்ளிக் கணக்கில் வாங்க வேண்டியவை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். 2019-இல் வந்த பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு கிளாஸ் ஃபீட்டையும் (தொழிலுக்கான சிறப்புத் திறமை) ஸ்கில் ஃபீட்டையும் (திறன்களுக்கான சிறப்புத் திறமை) தனித்தனியாகக் கொடுக்கிறது. எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். சமையல் தெரிந்த வீரன் அதற்காகச் சண்டையில் அடி வாங்கக் கூடாது.

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ரோகின் எக்ஸ்பர்டீஸ் (ஒரு திறனில் பயிற்சி போனஸ் இரட்டிப்பாவது) அவ்வளவு பெரிய விஷயமா?

பதில்: தொடக்கத்தில் இல்லை. டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 16 என்றால், பயிற்சி உள்ள திறனில் முதல் லெவலில் 20 முகப் பகடையோடு +5 கூட்டலாம். இலக்கு 15 என்றால் ஜெயிக்கும் வாய்ப்பு 55%. எக்ஸ்பர்டீஸ் இருந்தால் 65%. 17-ஆம் லெவலில் அதே எக்ஸ்பர்டீஸ் மட்டும் +6 கூட்டும்.

கேள்வி: நான் டன்ஜன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர். ரோக் பூட்டைத் திறக்கும்போது மற்ற மூவரும் போனைப் பார்க்கிறார்கள்.

பதில்: இதைக் கேட்டது நல்லது. பல கேரக்டர்கள் வீணாவது இதனால்தான். சண்டையில் எல்லோருக்கும் முறை வரும், பலமுறை பகடை உருட்டுவார்கள், ஒரு அடி தவறினாலும் ஆட்டம் தொடரும். பூட்டு ஒரே உருட்டில் முடிந்துவிடும். அந்த ஒரு உருட்டை நம்பி யார் திறன்களில் முதலீடு செய்வார்கள்? ஒருவர் பூட்டைத் திறக்கட்டும், ஒருவர் காவலாளியிடம் பேச்சுக் கொடுக்கட்டும், ஒருவர் கூரையில் ஏறட்டும். உருட்டல் தோற்றால் கதவு மூடியே கிடக்க வேண்டாம். திறக்கட்டும், ஆனால் சத்தம் கேட்டு யாராவது வரட்டும். அப்புறம், முதல் ஆட்டத்துக்கு முன்பே எவ்வளவு சண்டை, எவ்வளவு பேச்சு என்று சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் யாராலும் சரியான கேரக்டர் செய்ய முடியாது.

கேள்வி: சண்டையே தெரியாத கேரக்டர் செய்யலாமா சார்?

பதில்: கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் ஆட்டத்தில் தாராளமாகச் செய்யலாம். அங்கே நூலகத்தில் தேடத் தெரிந்தவர்தான் பல நேரம் துப்பைக் கண்டுபிடிப்பார். பூதத்தோடு மோதுகிறவர் பெரும்பாலும் பிழைக்க மாட்டார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வேண்டாம். ஒரு சண்டையே முக்கால் மணி நேரம் ஓடலாம், அதுவரை சும்மா இருக்க வேண்டியிருக்கும். குறைந்தது ஒரு வில்லாவது எடுத்துக்கொள்ளுங்கள்.