ஃப்ளோ வரும்வரை ஃபர்ஸ்ட் ஆபீசராகவே இருந்துவிடலாமா?

டல்லாஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெரிய விமான நிறுவனம் ஒன்றுக்கு முழுச் சொந்தமான, அதற்காகச் சிறிய விமானங்களை ஓட்டும் ரீஜனல் நிறுவனத்தில் இரண்டரை வருடமாக ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. ஓட்டுவது எம்ப்ரேயர் 175 ஜெட். முறை வந்ததும் இன்டர்வியூ இல்லாமலே தாய் நிறுவனத்துக்கு மாறும் 'ஃப்ளோ' ஏற்பாடும் அவருக்கு உண்டு. கேப்டன் ஆக அவர் முறை வந்துவிட்டது. ஏற்றுக்கொண்டால் போனஸ் உண்டு, ஆனால் இரண்டு வருடம் விலகக் கூடாது. வேறு ஊர் பேஸுக்கு (பணி தொடங்கும் ஊருக்கு) மாறி, நிலையான அட்டவணை இல்லாமல் கூப்பிட்டால் போகும் ரிசர்வில் உட்கார வேண்டியிருக்கும். இப்போதோ நல்ல லைன் (மாத அட்டவணை) கிடைக்கிறது, வார இறுதியில் வீட்டில் இருக்க முடிகிறது, கைக்குழந்தை வேறு. இதற்கு நடுவில் யூனியனின் ஒப்பந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது. வேலைநிறுத்த வாக்கெடுப்பும் அறிவித்தாயிற்று. "ஃப்ளோ வரும்வரை இப்படியே இருந்துவிடலாமா? ஸ்டிரைக் வந்தால் என் கதி என்ன?" என்று கேட்கிறார்.

கேப்டன் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் போனஸ் காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்டிரைக்கை நினைத்து இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

அமெரிக்காவில் விமானியின் வாழ்க்கை முழுவதும் ஒரு சீனியாரிட்டி எண்ணைச் சுற்றியே ஓடுகிறது. எந்த பேஸ், எந்த விமானம், தீபாவளிக்கு லீவு கிடைக்குமா, லைனா ரிசர்வா, எல்லாமே நீங்கள் சேர்ந்த தேதியை வைத்துத்தான். அந்த எண் உங்கள் நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லும். வெளியே போனால் கடைசி ஆளாகத்தான் மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு நிறுவனங்கள் இணைந்தால் பட்டியலை நியாயமாகச் சேர்க்க வேண்டும் என்று 2007-இல் வந்த மெக்காஸ்கில்-பாண்ட் சட்டம் சொல்கிறது. நிறுவனம் மூடப்பட்டால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. காமேர் என்ற ரீஜனல் நிறுவனம் 2012-இல் மூடப்பட்டது. டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் என்ற வேறு இரண்டு ரீஜனல் நிறுவனங்களும் 2020 ஏப்ரலில், கோவிட் தொடங்கிய கையோடு போயின. பல வருடம் கேப்டனாக இருந்தவர்கள்கூட வேறு இடத்தில் பட்டியலின் அடியிலிருந்து தொடங்கினார்கள்.

அப்படியானால் நிறுவனம் மாறினாலும் உங்களோடு வருவது எது? பறந்த மணிநேரத்தைப் பதியும் உங்கள் லாக்புக். அதிலும் கேப்டனாகப் பறந்த ஜெட் மணிநேரம். ஃபர்ஸ்ட் ஆபீசராக 1,000 மணிநேரம் சேர்ந்தால்தான் கேப்டன் ஆகலாம் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் விதி, அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். இனிமேல் வலது இருக்கையில் ஃபர்ஸ்ட் ஆபீசராகச் சேர்க்கும் மணிநேரத்தைவிட இடது இருக்கையில் கேப்டனாகச் சேர்க்கும் மணிநேரத்துக்கு வெளியே மதிப்பு அதிகம். ஆள் தட்டுப்பாடு கடுமையாக இருந்த வருடங்களில் பெரிய நிறுவனங்கள் இதைக் கண்டுகொள்ளாமல் ஆள் எடுத்தன. ஆட்சேர்ப்பு மந்தமானால் முதலில் திரும்பி வரும் வடிகட்டி இதுதான்.

ஃப்ளோ நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. இன்டர்வியூ இல்லாமல், உங்கள் முறை வந்ததும் தாய் நிறுவனத்தில் இடம் கிடைப்பது சின்ன விஷயமா? என்வாய், பி.எஸ்.ஏ., பீட்மான்ட் என்ற மூன்று ரீஜனல் நிறுவனங்களிலிருந்தும் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு இப்படித்தான் போகிறார்கள். ஆனால் குழாயைத் திறப்பதும் மூடுவதும் தாய் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அமெரிக்கனும் அதன் ரீஜனல் நிறுவனமான ஈகிளும் 1997-இல் செய்துகொண்ட ஏற்பாட்டில் ஃப்ளோ இருவழிப் பாதையாக இருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கனில் வேலை இழந்தவர்கள் அதே வழியாகக் கீழே இறங்கி வந்து ஈகிளில் கேப்டன் இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். மேலே போகக் காத்திருந்தவர்களுக்கு முன்னால் மேலிருந்து ஆள் வந்துவிட்டது. 2020-இல் தாய் நிறுவனமே தன் விமானிகளை வீட்டுக்கு அனுப்பியது; ஃப்ளோவைப் பற்றி யார் பேச முடியும்? அதனால் பட்டியலில் உங்கள் இடத்தை வைத்துக்கொண்டே மற்ற பெரிய நிறுவனங்களுக்கும் விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பிப்பதால் உங்கள் எண் நகராது. ராஜினாமா செய்தால்தான் போகும்.

குழந்தையைப் பற்றிச் சொன்னீர்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வேறு ஊரில் ரிசர்வ் என்றால், கூப்பிட்டால் சீக்கிரம் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அதற்காக அங்கே ஓர் அறை, அதற்கு வாடகை, வீட்டில் இருக்கும் நாள் பாதியாகக் குறையும். மனைவி தனியாகத் திணறுவார் என்றால் இந்த முறையை விட்டுவிட்டு, டல்லாஸில் இடம் வரும்போது கேளுங்கள். சீனியாரிட்டி போய்விடாது. இன்று உங்களைத் தாண்டிக் கேப்டன் ஆகும் ஜூனியர், நாளை நீங்கள் ஆனதும் உங்களுக்குக் கீழேதான் இருப்பார். இழப்பது அந்த இடைவெளியில் சேர்ந்திருக்கக்கூடிய கேப்டன் மணிநேரத்தை மட்டும். ஒரு வருடம் தள்ளிப்போவதில் தவறில்லை. ஃப்ளோ வரட்டும் என்று காலவரையில்லாமல் தள்ளுவதுதான் ஆபத்து.

சரி, ஸ்டிரைக். விமானத் துறைக்குப் பொருந்துவது 1926-இல் ரயில்வேக்காக வந்த ரயில்வே லேபர் ஆக்ட். 1936-இல் விமான நிறுவனங்களையும் அதில் சேர்த்தார்கள். இதன்படி உங்கள் ஒப்பந்தம் காலாவதி ஆவதில்லை; திருத்தத்துக்கு உரிய தேதி என்று ஒன்று வரும், அவ்வளவுதான். புதியது கையெழுத்தாகும்வரை பழையதே நடக்கும், இரண்டு தரப்புக்கும். பேச்சு முட்டிக்கொண்டால் தேசிய மத்தியஸ்த வாரியம் நடுவில் வரும். அந்த வாரியம் "இனி எங்களால் முடியாது" என்று சொல்லி, நடுவர் தீர்ப்புக்குப் போகலாமா என்று கேட்டு, ஒரு தரப்பாவது மறுத்து, அதன்பின் 30 நாள் ஓடினால்தான் வேலைநிறுத்தம் சட்டப்படி சாத்தியம். அப்போதும் ஜனாதிபதி ஓர் அவசரக் குழுவை நியமித்துத் தள்ளிப்போடலாம். வாரியம் விடுவிப்பதற்குக் கெடு எதுவும் இல்லை; வருடக்கணக்கில் பேச வைக்கும். வாக்கெடுப்பில் பெரும்பாலோர் ஆம் என்று போடுவது பேச்சு மேசைக்கு அனுப்பும் செய்தி. மறுநாள் யாரும் விமானத்தை நிறுத்தப்போவதில்லை.

ரீஜனலில் உண்மையாகவே நடந்த பெரிய ஸ்டிரைக் காமேரில், 2001-இல், 89 நாள். ஊதியம் கூடியது. பதினோரு வருடத்தில் நிறுவனமே இல்லை. 50 இருக்கை ஜெட்டுகளின் செலவு அதற்குப் பெரிய காரணம். ரீஜனல் யூனியனின் கையைக் கட்டுவது பெரும்பாலும் ஸ்டிரைக் சட்டம் அல்ல, பக்கத்து ரீஜனல் நிறுவனம்தான். தாய் நிறுவனம் யார் மலிவோ அவர்களுக்கு விமானத்தைக் கொடுக்கும். விமானிகளை விட்டுக்கொடுக்கச் சொன்ன ஓர் ஒப்பந்தத்தை 2014-இல் என்வாய் விமானிகள் வாக்களித்து நிராகரித்தார்கள். 2015 தொடக்கத்தில் வேறோர் ஒப்பந்தத்தை ஏற்ற பிறகுதான் புது எம்ப்ரேயர்கள் வந்தன. 2022-இல் காற்று திசை மாறியது. ஆள் கிடைக்காமல், அதே என்வாயில் புது ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு மணிக்கு 90 டாலர் என்று ஒரே தாவலில் ஏற்றினார்கள். கவனியுங்கள், அதில் ஒரு பகுதி 2024 ஆகஸ்ட் வரை என்று தேதி போட்ட தற்காலிக உயர்வு. உங்கள் சம்பளத்தில் எது ஒப்பந்தத்தின் அடிப்படை விகிதம், எது கடிதம் மூலம் வந்த கூடுதல் என்று பிரித்துப் பாருங்கள். வீட்டுக் கடனை அந்த அடிப்படை விகிதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கோபத்தில் சேர்ந்து உடம்பு சரியில்லை என்று லீவு போடுவது, வேண்டுமென்றே தாமதிப்பது. 1999 பிப்ரவரியில் ரீனோ ஏர் இணைப்பு விவகாரத்தில் அமெரிக்கன் விமானிகள் அப்படிச் செய்தார்கள். உங்கள் டல்லாஸிலேயே நீதிமன்றம் அவர்களுடைய யூனியனுக்குச் சுமார் 4.5 கோடி டாலர் அபராதம் போட்டது. ஓய்வு நாளில் பலகை பிடித்து நிற்பது வேறு. அது உங்கள் உரிமை, போய் நில்லுங்கள். உங்களுக்கு ஒப்பந்தத்தை மீறி ஒரு பயணம் கொடுத்தால், பாதுகாப்புக்கோ சட்டத்துக்கோ புறம்பாக இல்லாதவரை பறந்துவிட்டு அப்புறம் புகார் எழுதுங்கள் என்பது பழைய கேப்டன்கள் சொல்வது. அதையே நானும் சொல்வேன். புகாருக்கு நாள் கெடு இருக்கும், தள்ளிப்போடாதீர்கள். யூனியனில் முழு உறுப்பினராக இருக்கிறீர்களா என்றும் பாருங்கள். டெக்சாஸில் இருந்தாலும் ரயில்வே லேபர் ஆக்டின்படி சந்தாவோ அதற்கு ஈடான கட்டணமோ ஒப்பந்தம் கேட்கலாம். கட்டணம் மட்டும் கட்டுபவருக்கு ஒப்பந்தத்தின் மேல் ஓட்டு இல்லை.

இனி அந்தப் போனஸ் காகிதம். அது யூனியனோடு பேசி வந்ததா, நிறுவனம் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கொடுப்பதா என்று முதலில் கேளுங்கள். தனியாகக் கொடுப்பது என்றால் யூனியனின் ஒப்பந்தக் குழு அதைப் பார்த்தே ஆக வேண்டும். பிறகு உள்ளே படியுங்கள். பாதியில் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டுமா, மீதிக் காலத்துக்கு மட்டுமா? பறக்கத் தேவையான மெடிக்கல் சான்றிதழ் போய்விட்டால்? ஆட்குறைப்பு வந்தால்? கேப்டன் பயிற்சியில் தேறாவிட்டால்? எல்லாவற்றையும்விட, இரண்டு வருடத்துக்குள் ஃப்ளோ முறை வந்து நீங்கள் தாய் நிறுவனத்துக்குப் போனால், அதையும் விலகுவதாகக் கணக்கிடுவார்களா? பல பேர் இதைக் கேட்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். பயிற்சி மேலாளர் வாயால் சொல்லும் பதில் போதாது. மின்னஞ்சலில் வாங்குங்கள், அதை யூனியன் பிரதிநிதிக்கு அனுப்புங்கள், அவர் சரி என்ற பிறகு கையெழுத்துப் போடுங்கள்.