குடல் பரிசோதனைக்கு முன் பேதி மருந்து: ஒரே இரவிலா, இரண்டு தவணையிலா?

கொலோனோஸ்கோபி என்பது கமரா பொருத்திய குழாயை உள்ளே செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது. குடல் காலியாக இருந்தால்தான் சிறு கட்டியும் கண்ணில் படும். அதற்குத்தான் பேதி மருந்து.

முழுவதையும் முதல்நாள் இரவே குடிப்பது பழைய முறை. பாதியை முதல்நாள் மாலையும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடிப்பதே மேல். நாம் உறங்கினாலும் சிறுகுடல் உறங்காது. பித்தமும் சளியும் கலந்த நீர் விடிய விடிய இறங்கிப் பெருங்குடலின் தொடக்கத்தில் படிகிறது. தோட்ட லயத்துக் கானை (வடிகாலை) இரவில் கழுவிவிட்டாலும் காலையில் மேட்டு மண் வந்து படிந்திருப்பதில்லையா, அதுபோல.

கரைத்த மருந்து 4 லீற்றரா 2 லீற்றரா என்பது பெரும்பாலோருக்கு இரண்டாம் பட்சம். சிறுநீரக நோயாளிகள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் எதையும் குடிக்கக் கூடாது. பொஸ்பேட் உப்பு மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். பரிசோதனைக்காக ஹட்டனிலிருந்து கண்டிக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு அந்த இரண்டாம் தவணைதான் உண்மையான சோதனை! பிற்பகல் நேரம் கேட்டு வாங்குவது புத்தி. பாலில்லாத தேநீர் முதல்நாள் தாராளமாகக் குடிக்கலாம்.

நாலைந்து தடவை போய்விட்டால் குடல் சுத்தம் என்று பலர் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். போவது தெளிந்த மஞ்சள் நீராக மாறிய பிறகும் கொடுத்த அளவு முழுவதையும் குடித்து முடிக்க வேண்டும்.