நாற்காலி போடும் அம்மா

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் நான்கு ஆண்டுகளாக ஒரு மனநலத் திட்டத்தை ஒருங்கிணைத்து வருகிறேன். தனிமையிலும் மனச்சோர்விலும் இருப்பவர்களுக்கு வாராந்திரக் கூட்டம், தனி ஆலோசனை இரண்டும் உண்டு. இன்னும் ஐந்து மாதத்தில் நிதி முடிகிறது. எதிர்காலத் திட்ட அறிக்கை மூன்றாவது வரைவில் இருக்கிறது. வருகிறவர்களிடம் இன்னும் சொல்லவில்லை, பதறிவிடுவார்கள். அவர்களில் ஒரு அம்மா அரை மணி நேரம் முன்னதாகவே வந்து நாற்காலி போடுவார், அது பணியாளர் வேலை என்று நிறுத்தினோம். அடுத்த நிதியை எங்கே தேடலாம்?

பதில்: விண்ணப்பம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஐந்து மாதத்துக்குள் பரிசீலனை முடிந்து பணம் கைக்கு வருவது அபூர்வம். அதை நம்பி மற்ற வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான் பேச வேண்டியது அந்த நாற்காலி அம்மாவைப் பற்றி. அவரை ஏன் தடுத்தீர்கள்? தனிமையில் வாடுகிறார் என்று உங்கள் பதிவேட்டில் இருப்பவர், நேரத்துக்கு முன்பே வந்து மற்றவர்களுக்கு இடம் போட்டு வைக்கிறார். உங்கள் திட்டம் பலித்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அதைப் பிடுங்கிக்கொண்டீர்களே! நான் பழைய ஆள். வீட்டில் யாரை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லையோ, அவர் விருந்தாளி. விருந்தாளியிடம் வீட்டுக் கடனைச் சொல்ல மாட்டோம். வீடு கைமாறும்போது அவரும் கூட நிற்க மாட்டார். நான்கு வருஷமாக அத்தனை பேரையும் விருந்தாளியாகவே வைத்திருந்துவிட்டு, இப்போது பதறுவார்கள் என்கிறீர்கள். ஒருநாள் வந்து பூட்டிய கதவைப் பார்த்தால் பதற மாட்டார்களா?

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 2006-இல் டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல மருத்துவருக்கு ஒதுக்கித் தர அறையும் இல்லை, செவிலியரும் இல்லை. கிடைத்தது 14 பாட்டிகள். மனம் சோர்ந்து வருகிறவர்களிடம் பேச அவர்களைப் பழக்கி, சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பெஞ்சுக்கு வந்தவர்களுக்கு, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது.

உடனே, எல்லாவற்றையும் தன்னார்வலர் தலையில் கட்டிவிடலாம் என்று நான்காவது வரைவு எழுதாதீர்கள். அந்தப் பாட்டிகளுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தன.

தனி ஆலோசனை தேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை, சம்பளம் இல்லாமல் நடக்காது. அதில் இருக்கும் ஒவ்வொருவரையும் அவர் சம்மதத்தோடு வேறு ஓர் ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ நேரில் அழைத்துப்போய் விடுங்கள். தொலைபேசி எண்ணைக் கையில் திணித்துவிட்டு ஒப்படைத்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது. நீண்ட ஆலோசனைக்குப் புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள். அப்புறம், பணியாளர்களுக்கும் இப்போதே முடிவுத் தேதியைச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

வாராந்திரக் கூட்டம் வேறு கதை. அதற்கு ஓர் இடம், ஒரு சாவி, வராதவரைக் கூப்பிட்டு விசாரிக்க ஒருவர், யாராவது மோசமான நிலையில் வந்தால் எங்கே அழைத்துப்போவது என்ற தெளிவு. இவ்வளவுதான். இதை யார் ஏற்பார் என்று அறிக்கைக்குள் தேடினால் கிடைக்காது, கூட்டத்தில் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் அரை மணி முன்னால் போங்கள். அந்த அம்மா வந்தால் நாற்காலிகளை அவரிடம் விட்டுவிடுங்கள். கூடச் சேர்ந்து போட்டுக்கொண்டே, நிதி முடிகிற தேதியை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.