பீரில் அடிப்படையாக என்னென்ன சேர்க்கிறார்கள்? கள்ளும் பீரும் ஒன்றுதானா?

தண்ணீர், முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் என்ற பூ, நொதிக்கவைக்கும் ஈஸ்ட். இந்த நாலும் போதும். கள்ளும் பீரும் ஒன்றல்ல, ஏன் என்பதற்குத்தான் பதில் கொஞ்சம் நீளும்.

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப்பக்கம் எங்கள் பாட்டா பனையேறியவர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது அக்கானி, அதாவது பதநீர். தடவாவிட்டால் கள். ஒருநாள் சுண்ணாம்பு குறைந்துபோய் அக்கானி நுரைத்து நின்றது. "இது உனக்கு ஆகாது மக்கா" என்று என் கையிலிருந்த செம்பைப் பிடுங்கிக்கொண்டார். பாளையில் ஊறும் நீரிலேயே சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பார்லியில் அந்தச் சௌகரியம் இல்லை. அதில் இருப்பது மாவுச்சத்து, பீர் ஈஸ்டால் அதை நேரடியாகத் தின்ன முடியாது. அதனால் தானியத்தை ஊறவைத்து, முளைவிட்டதும் சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். அதுதான் மால்ட். அதை நொறுக்கிச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஊறப்போட்டால், அதிலுள்ள அமிலேஸ் என்சைம்கள் மாவைச் சர்க்கரையாக உடைக்கும். பிள்ளைகளுக்கு முளைகட்டிய கேழ்வரகில் கூழ் காய்ச்சினால் கட்டியாகாமல் இளகி லேசாக இனிக்குமே, அதே சங்கதிதான். பெங்களூரில் வேலை பார்த்தபோது, பீரை அங்கேயே காய்ச்சி விற்கும் கடை ஒன்றில் மால்ட்டை வாயில் போட்டு மென்றேன். அசல் ஹார்லிக்ஸ் ருசி! (அதிலும் மால்ட்தானே.)

ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. அந்தக் கடையில் பொடித்து அழுத்திய பச்சைக் குச்சிகளாக வைத்திருந்தார்கள், பார்க்க மாட்டுத் தீவனம் மாதிரி. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் புல்லும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மணம். நுனிநாக்கில் வைத்தேன், நிலவேம்புக் கஷாயம்தான் ஞாபகம் வந்தது. மால்ட் சாற்றோடு கொதிக்கும்போது அந்தக் கசப்பு இறங்கி இனிப்பை மட்டுப்படுத்தும், பீர் சீக்கிரம் கெடாமலும் காக்கும். கஞ்சாவும் ஹாப்ஸும் ஒரே தாவரக் குடும்பம், ஆனால் பீரின் போதை ஹாப்ஸால் வருவதில்லை. சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குவது ஈஸ்ட்.

1516-ல் பவேரியாவில் போட்ட சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மூன்றை மட்டும் சொல்கிறது. ஈஸ்ட் என்ற உயிர் இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது. பாட்டாவும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை, ஆனால் அதை அடக்க எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் என்பது அவர் விரலுக்குத் தெரியும்.

அப்புறம், தண்ணீரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான். கடலோரக் கிணற்று நீரில் போட்ட சாயாவும் மலையோரப் பேச்சிப்பாறைப் பக்கம் குடிக்கும் சாயாவும் ஒரே ருசியா என்ன? செக் நாட்டின் பில்சன் நகரத்துத் தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு. 1842-ல் அங்கே பிறந்த வெளிர்நிற பீரின் மென்மைக்கு அந்தத் தண்ணீரும் ஒரு காரணம்.